டீசலைக் கழற்றி மோட்டர் போட்ட வள்ளத்தில் ஒரே கூவல் சத்தம், எங்கேயிருந்து தேடத் தொடங்குவது?

பாசையூர்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடைய வள்ளம் 23 அடி பைபர், அப்பா வாங்கியது, உள்ளிணைப்பு ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் பூட்டியிருந்தது. 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்கு வந்து, அந்த விலைக்கும் கிடைக்காமல் கலனோடு வரிசையில் நின்றபோதே, இனி இந்த எஞ்சினை நம்பிக் கடலுக்குப் போக ஏலாது என்று நானும் தம்பியும் முடிவெடுத்துவிட்டோம். காசு சேர்க்கவும் சாமான் தேடவும் இத்தனை காலம் போய்விட்டது. போன மாதம்தான் வேலை முடிந்து தண்ணீரில் இறக்கினோம்.

பூட்டியிருப்பது 48 வோல்ட், 5 கிலோவாட், பிரஷ் இல்லாத மோட்டர். அதிலே 24 பல்லுப் புல்லி, புரொப்பெல்லர் ஷாப்டில் 60 பல்லுப் புல்லி, இடையில் 8 மில்லிமீற்றர் இடைவெளிப் பல்லு பெல்ட். மோட்டர், புல்லிகள், தள்ளுவிசை தாங்கும் பேரிங் எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தை டீசல் எஞ்சின் இருந்த அதே நாலு றப்பர் மவுண்டுகளில்தான் இறுக்கினோம். ஓட்டம் நல்லம், பற்றரியும் நிற்கிறது, அதிலே குறை சொல்ல மாட்டேன்.

சத்தம்தான் பிரச்சினை. மெதுவாகப் போகும்போது ஒன்றும் இல்லை. மோட்டர் நிமிடத்துக்கு 2000 சுற்றைத் தாண்டினால் ஒரு கூவல் தொடங்கும், 2400இல் அது உச்சம். எங்களுக்கு வேண்டிய வேகமும் சரியாக அதே 2400தான். அதே வேகத்தில் அடித்தளமும் நடுங்குகிறது, எஞ்சின் மூடிமேல் வைத்த தேத்தண்ணிக் கோப்பைக்குள் வளையம் வளையமாக அலை எழும்பி விளிம்புக்கு வருகிறது. முதல் நாள் அப்பாவை ஏற்றிக்கொண்டு மண்டைதீவுப் பக்கம் போனோம். அணியத்தில் இருந்தவர் போகும்போது ஒன்றும் பேசவில்லை, திரும்பி வந்து இறங்கும்போதுதான் சொன்னார்: "டீசல் தட தட எண்டது, அது பழகின சத்தம். இது காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரிக் கிடக்கு." எனக்கு அது பெரிய கவலையாகப் போய்விட்டது, ஏனென்றால் சத்தம் இல்லாமல் பரவைக்கடலில் இரவில் றாலுக்குப் போகலாம் என்று சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். மச்சானும் பூநாரை வரும் காலத்தில் ஆட்களை ஏற்றிக் காட்டலாம் என்று இருக்கிறான், இந்தக் கூவலோடு போனால் நாங்கள் கிட்டப் போக முதலே அவை எழும்பிவிடும்.

இதுவரை செய்தது ஒன்றே ஒன்று. மெத்தை ஸ்பொஞ்ச் வாங்கி எஞ்சின் பெட்டிக்குள் சுற்றிவர ஒட்டினேன். ஒரு கிழமையில் உப்புத் தண்ணீர் குடித்துத் தொங்கிவிட்டது, சத்தமும் குறைந்ததாகத் தெரியவில்லை. போனில் அலைவரிசை காட்டும் ஆப் போட்டுப் பார்த்தேன், 2400இல் 960 ஹெர்ட்ஸில் ஒரு பெரிய முள் நிற்கிறது, கீழே 40க்கும் 50க்கும் இடையில் ஒரு மேடு. இதை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது?


தீவகத்துப் பட்டறை எழுதியது:

தம்பி, உமக்கு இருப்பது ஒரு சத்தம் இல்லை, இரண்டு. கூவல் வேறு, அடித்தள நடுக்கம் வேறு. நடுக்கத்தை நான் சொல்கிறேன், கூவலுக்குக் கரண்டு படித்தவர்கள் வரட்டும்.

அந்தப் பழைய மவுண்டுகளைக் கழற்றும். டீசலையும் கியர்பொக்ஸையும் இறக்க எத்தனை பேர் பிடித்தீர்கள்? நாலு பேராவது பிடித்திருப்பீர்கள். அந்தப் பாரத்துக்கு என்று செய்த றப்பர் அது. மோட்டரோடு சட்டத்தை இரண்டு பேர் லேசாகத் தூக்குவீர்கள், அந்தப் பாரத்துக்கு அந்த றப்பர் அமரவே அமராது, கல்லு மாதிரி நிற்கும். மவுண்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பாரம் ஏறினதும் றப்பர் எத்தனை மில்லிமீற்றர் அமர்ந்தது என்று அளந்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 16ஐப் பிரித்தால் அந்த மவுண்டின் சொந்த அதிர்வெண் ஹெர்ட்ஸில் வரும். 4 மில்லிமீற்றர் அமர்ந்தால் 8 ஹெர்ட்ஸ். உம்முடையது 0.1 மில்லிமீற்றர்தான் அமர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன், அப்படியென்றால் 50 ஹெர்ட்ஸ். இப்போது பாரும், 2400 என்றால் மோட்டர் செக்கனுக்கு 40 சுற்று. ஷாப்ட் 960, அதாவது செக்கனுக்கு 16 சுற்று, புரொப்பெல்லரில் மூன்று இதழ் என்றால் இதழ்கள் தண்ணீரை அடிப்பது 48 தரம். உம்முடைய ஆப்பில் தெரிந்த அந்த மேடு இதுதான். றப்பர் அதிர்வை மறிக்கவில்லை, கூட நின்று ஊஞ்சலைத் தள்ளிவிடுகிறது.

மெத்தென்ற மவுண்ட் போடும். ஓட்டோ எஞ்சின் மவுண்ட் பட்டணத்தில் எந்த உதிரிப்பாகக் கடையிலும் எடுக்கலாம், அந்தப் பாரத்துக்கு அது கிட்டத்தட்டச் சரி, ஆனால் போட்டபிறகு அமர்வதை அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பழைய டயர் வெட்டி வைக்க வேண்டாம், அதற்குள் நூலும் கம்பியும் இருக்கிறது, அமராது.

அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, கவனமாகக் கேளும். தள்ளுவிசை பேரிங்கும் அதே சட்டத்தில் என்றீர். மவுண்ட் மெத்தென்று இருந்தால் புரொப்பெல்லர் தள்ளுகிற தள்ளுக்குச் சட்டம் முழுதும் முன்னுக்குச் சரியும், ஷாப்டை இணைக்கிற கப்ளிங் நேர்த் தப்பும், அப்போது புதுச் சத்தம் வரும். ஆகவே அந்தப் பேரிங்கைச் சட்டத்திலிருந்து பிரித்து, வள்ளத்தின் உடம்போடு சேர்ந்த ஒரு குறுக்குப் பலகையில் இறுக்கமாகப் பொருத்தும். பேரிங்குக்கும் சட்டத்துக்கும் இடையில் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற கப்ளிங் ஒன்று போடும். நேர்ப் பிடிக்கும்போது வள்ளம் தண்ணீரில் இருக்க வேண்டும். கரையில் ஏற்றி வைத்து நேர் பார்த்தால் இறக்கினதும் பைபர் வேறு மாதிரி வளையும். இடுக்கு அளக்கிற மெல்லிய தகடு, பீலர் கேஜ், போட்டுக் கப்ளிங் முகத்தைச் சுற்றி நாலு இடத்தில் பாரும், வித்தியாசம் 0.1 மில்லிமீற்றருக்குள் வர வேண்டும். இரண்டு மணித்தியால வேலை, பொறுமை இல்லாதவன் செய்தால் இரண்டு நாள்.


சுருள்கம்பி எழுதியது:

கூவலுக்கு நான் வருகிறேன். 960 ஹெர்ட்ஸ் என்று படித்ததும் முதலில் பெல்ட் என்றே நினைத்தேன், 24 பல்லு, செக்கனுக்கு 40 சுற்று, பெருக்கினால் 960. பல்லு புல்லியில் விழும் ஒவ்வொரு தரமும் இடையில் அகப்பட்ட காற்று பிதுங்கி வெளியே வரும், அதுதான் பல்லு பெல்ட்டின் கூவல், பெல்ட் அகலம் கூடக் கூட அதுவும் கூடும்.

ஆனால் உடனே பெல்ட்டை மாற்றிவிட வேண்டாம். உங்கள் மோட்டரின் தகட்டில் 8 துருவம் என்று இருக்கிறதா பாருங்கள், இந்த அளவு மோட்டர்களில் அது சாதாரணம். 8 துருவம் என்றால் 4 சோடி. மோட்டருக்குக் கரண்டை விடும் கொன்ட்ரோலர் சதுர அலை வகை என்றால் ஒவ்வொரு மின்சுற்றிலும் ஆறு தரம் கரண்டைக் கம்பிக்குக் கம்பி மாற்றிவிடும், ஒவ்வொரு மாற்றத்திலும் மோட்டர் ஒரு சின்ன உதறல் உதறும். ஆறு தரம் நாலு, 24. அதையும் 40ஆல் பெருக்கினால் அதே 960! தற்செயலாக இரண்டு சந்தேக நபர்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள், போன் ஆப்பால் இதைப் பிரிக்க முடியாது.

பிரிக்கிற வழி இது. வள்ளத்தைத் துறையில் முன்னும் பின்னும் வடிவாகக் கட்டுங்கள், பிரேக் மாதிரிக் கரண்டைத் திருப்பிவிடும் வசதி கொன்ட்ரோலரில் இருந்தால் அதை நிறுத்துங்கள். 2400க்கு ஏற்றிவிட்டு அக்சிலரேட்டரைச் சடாரென்று விடுங்கள். அந்தக் கணமே, சுற்று குறையத் தொடங்க முதலே அறுந்து நின்ற சத்தம் கரண்டுச் சத்தம். சுற்றோடு சேர்ந்து இறங்கி இறங்கிப் போவது பெல்ட், பேரிங் சத்தம். பெல்ட்டைக் கழற்றி வெறும் மோட்டரை ஓட்டிப் பார்த்து "சத்தம் இல்லையே, அப்போ பெல்ட்தான்" என்று முடிவெடுக்க வேண்டாம். பாரம் இல்லாமல் ஓடும்போது கரண்டு மிகக் குறைவு, உதறலும் தெரியாது, நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பெல்ட்டைக் கழற்றி வைத்திருக்கும்போது வேறு ஒன்று பாருங்கள். முன்னுக்கு ஓடவிட்டு எத்தனை ஆம்பியர் எடுக்கிறது, பின்னுக்கு அதே சுற்றில் எத்தனை ஆம்பியர். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் பெரிதென்றால் மோட்டருக்குள் காந்தம் நிற்கும் இடத்தைக் காட்டும் ஹோல் சென்சரின் கோணம் கொன்ட்ரோலருக்குச் சரியாகத் தெரியவில்லை, காந்தம் வரும் நேரத்துக்குக் கரண்டு வரவில்லை. மோட்டர் உறுமும், சூடேறும், பற்றரியையும் தின்னும்.


பாசையூர்க்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. மூன்று நாள் இதிலேயே நின்றேன், சொன்னது ஒவ்வொன்றையும் செய்து பார்த்தேன்.

மோட்டர் 8 துருவம்தான். கட்டிவைத்து 2400இல் விட்டபோது பாதிச் சத்தம், பாதிக்குக் கூட என்றும் சொல்லலாம், கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. மிச்சம் ஒரு மெல்லிய கூவலாக இறங்கிப் போனது. ஆக இரண்டு பேரும் குற்றவாளிகள். பெல்ட்டைக் கழற்றி ஓட்டினேன், முன்னுக்கு 9 ஆம்பியர், பின்னுக்கு 4! எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது, இந்த ஒரு மாதமும் சும்மா சூடாக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். பூட்டித் தந்தவர் கோணம் படிக்கவைக்கும் வேலையைச் செய்யாமலே விட்டிருக்கிறார்.

மவுண்டும் அளந்தேன். சட்டத்தைத் தூக்கி இறக்கிப் பார்த்தால் கேஜில் பிடிக்கிற அளவுக்கு அசைவே இல்லை. அண்ணை சொன்னது அச்சொட்டு.

இனி ஒரு கேள்வி. இதெல்லாம் திருத்தின பிறகும் பெட்டிக்குள் ஏதாவது ஒட்ட வேண்டுமா? அந்த ஸ்பொஞ்சைப் பார்க்கவே கோபம் வருகிறது.


வேலணை மகள் எழுதியது:

தம்பி, ஸ்பொஞ்சில் கோபப்பட வேண்டாம், அதற்குத் தெரியாத வேலையை அதனிடம் கொடுத்துவிட்டீர்கள். ஆனால் இன்றைக்கே அதைப் பிய்த்து எடுத்துவிடுங்கள். மெத்தை ஸ்பொஞ்ச் தீப்பிடித்தால் வரும் புகை நஞ்சு, பற்றரிக்கும் கேபிளுக்கும் பக்கத்தில் அது இருக்கவே கூடாது.

நானும் என் கணவரும் சின்னப் படகு ஒன்றை இப்படி மாற்றினோம், சத்தத்தோடு ஒரு வருடம் மல்லுக்கட்டினோம், அதில் படித்ததைச் சொல்கிறேன். பைபர் உடம்பு ஒரு தோல்வாத்தியம். மோட்டர் விரல் என்றால் சட்டம் கை, அடித்தளம் தோல். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் ரவையைக் குழைத்து அப்பினால் நாதம் தடித்து இறங்குகிறதே, அதையேதான் வள்ளத்திலும் செய்ய வேண்டும். சட்டம் இருக்கும் இடத்தைச் சுற்றி, கையால் தட்டும்போது "டங்" என்று ஒலிக்கும் இடங்களைச் சோக்கட்டியால் குறித்து, அங்கே மட்டும் காரின் கதவுக்குள் ஒட்டும் தார்த் தகடு மாதிரியான பாரத் தகட்டை ஒட்டுங்கள். முழுதும் ஒட்டத் தேவையில்லை. தட்டினால் "டொக்" என்று செத்த சத்தம் வந்தால் போதும். ஒட்ட முதல் பைபரை நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள், உப்புமேல் எதுவும் ஒட்டாது.

அடுத்தது பெட்டி. சத்தத்தை மறிப்பது பாரம், உறிஞ்சுவது ஸ்பொஞ்ச், இரண்டும் வேறு வேறு வேலை. மறிப்பதற்கு 12 மில்லிமீற்றர் பிளைவுட் போதும். உள்ளே, மேற்பரப்பில் தண்ணீர் புகாத மெல்லிய தோல் உள்ள, தீப்பிடிக்காத வகை ஸ்பொஞ்ச் ஒட்டலாம். ஆனால் அதைவிட முக்கியம் இடுக்கு. பெட்டியின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், சுவர் எவ்வளவு தடித்திருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. கேபிள் வரும் துவாரம், மூடியின் விளிம்பு, ஷாப்ட் வெளியே போகும் இடம், இவை எல்லாவற்றுக்கும் றப்பர் வார் போடுங்கள். அதற்காகக் காற்றை அடைத்துவிடக் கூடாது, மோட்டருக்கும் கொன்ட்ரோலருக்கும் மூச்சு வேண்டும். காற்று வரும் வழியை நேராக வைக்காமல் முழங்கை மாதிரி இரண்டு தரம் மடக்கி, உள்ளே ஸ்பொஞ்ச் ஒட்டிவிட்டால் காற்று வளைந்து போகும், சத்தம் சுவரில் முட்டி முட்டிச் செத்துப்போகும்.

நாங்கள் இதற்கு முன் கேரளா போனபோது வைக்கத்திலிருந்து தவணக்கடவு போகும் ஆதித்யா படகில் ஏறினோம், 2017இலிருந்து ஓடும் சூரிய ஒளிப் படகு, 75 பேர் போகலாம், 20 கிலோவாட் மோட்டர் இரண்டு. நடுவில் இருந்து மெதுவாகக் கதைத்தோம், ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்டது. குறிகட்டுவானில் ஏறி நயினாதீவு போகும்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கே கத்திச் சொல்லிப் பழகின எனக்கு அது மறக்கவில்லை. அவ்வளவு பெரிய படகிலேயே முடியும் என்றால் உங்கள் 23 அடியில் ஏன் முடியாது?


மூன்றரைத் தொன் எழுதியது:

பிள்ளையள் நல்லாக எழுதியிருக்கிறீர்கள். நான் மூன்றரைத் தொன் போட்டில் டீசலோடு வாழ்ந்தவன், மோட்டர் தெரியாது, தண்ணீருக்குக் கீழே இருப்பது தெரியும்.

பாசையூர்த் தம்பி, முதலில் வள்ளத்துக்குக் கீழே இறங்கிப் பாரும். ஷாப்டில் சாதாளையோ நைலோன் நூலோ சுற்றியிருந்தால், மேலே எத்தனை ஆயிரம் செலவழித்தும் நடுக்கம் போகாது. புரொப்பெல்லர் இதழ்களின் நுனியை விரலால் தடவிப் பாரும், மண்ணில் உரசி மடங்கின இதழ் ஒன்று போதும், வள்ளம் முழுக்க நடுங்கும். பரவைக்கடலில் தாழம் குறைந்த இடங்களில் போகிறவர்களுக்கு இது வருடத்துக்கு ஒரு தரம் நடக்கிற விசயம்.

பின்னால் ஷாப்டைத் தாங்குகிற றப்பர் பேரிங் தண்ணீரில்தான் வழுக்கும், எண்ணெயில் இல்லை. சேறும் மணலும் புகுந்து அது தேய்ந்தால் ஷாப்ட் ஆடும். ஷாப்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாரும், ஆட்டம் கைக்குத் தெரிந்தால் மாற்ற வேண்டும். துறைக்குள் மெதுவாக வரும்போது மட்டும் கிறீச் என்று ஒரு சத்தம் வந்தால் அந்தப் பேரிங்குக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லை. டீசல் ஓடின காலத்தில் இதெல்லாம் எங்களுக்குக் கேட்டதே இல்லை, எஞ்சின் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. இப்போதுதான் வள்ளம் தன் வருத்தத்தை வாய்விட்டுச் சொல்கிறது, கேட்டு வைத்தியம் செய்யும்.


பாசையூர்க்கரை எழுதியது:

பத்து நாளாகப் பதில் போடவில்லை, மன்னிக்க வேண்டும், வேலை அப்படி.

ஐயா சொன்னபடி முதலில் கீழே இறங்கினேன். ஷாப்டில் நீல நைலோன் நூல், ஒரு சாண் நீளத்துக்கு நூற்கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது, கத்தி வைத்து அறுத்து எடுக்க அரை மணித்தியாலம் எடுத்தது. இதழ்கள் நேர்தான். பேரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது, சோளகம் தொடங்க முதல் மாற்றுவேன்.

பிறகு சுருள்கம்பி அண்ணை சொன்ன கோணம். கொன்ட்ரோலரின் செயலியில் மோட்டரைத் தானாகப் படிக்கவைக்கும் ஒரு வசதி இருந்தது, பெல்ட்டைக் கழற்றிவிட்டு அதை ஓடவிட்டேன், மோட்டர் முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் உருண்டு நின்றது. அதற்குப் பிறகு முன்னுக்கும் பின்னுக்கும் 4 ஆம்பியர். ஒரு சதம் செலவில்லை. ஓட்டோ மவுண்ட் போட்டோம், 3 மில்லிமீற்றர் அமர்கிறது, தள்ளுவிசை பேரிங்கைத் தனியாகக் குறுக்குப் பலகைக்கு மாற்றி, தண்ணீரில் வைத்து நேர்ப் பிடித்தோம். பொறுமை இல்லாதவனுக்கு இரண்டு நாள் என்று அண்ணை சொன்னது சரி. தார்த் தகடு ஆறு துண்டு ஒட்டினோம், பெட்டி இன்னும் செய்யவில்லை.

நேற்று இரவு அப்பாவோடு போனோம். 2400இல் கோப்பையில் தேத்தண்ணி அசையாமல் நின்றது. கூவல் இருக்கிறது, ஆனால் பின்னணியத்தில் நின்று காது கொடுத்தால்தான். அணியத்தில் இருந்த அப்பா கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார், "திரளி பாயுது, கேக்குதே?" என்றார். கேட்டது.

மிச்சக் கூவல் பெல்ட்தான் என்று இப்போது உறுதி. அதைக் கழற்றிவிட்டுப் பல்லில்லாத, வரி வரியாக இருக்கும் கார் பெல்ட் போடலாமா? 5 கிலோவாட்டை அது தாங்குமா?


சுருள்கம்பி எழுதியது:

தாங்கும், ஆனால் இப்போது இருக்கும் அளவுப் புல்லியில் இல்லை. உங்கள் 24 பல்லுப் புல்லியின் விட்டம் 61 மில்லிமீற்றர்தான் வரும், வரிப் பெல்ட்டுக்கு அது சின்னன், வழுக்கும். மோட்டர்ப் பக்கம் 80, ஷாப்ட் பக்கம் 200 என்று கடைச்சல் பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள், விகிதம் அதே இரண்டரையாக இருக்கும். எட்டு வரிப் பெல்ட் எடுங்கள். இந்த வகையைப் பல்லு பெல்ட்டைவிட இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், அந்த இழுவை மோட்டரின் முன் பேரிங்கில் போய் விழும், ஆகவே ஒரு மாதம் கழித்து அந்தப் பேரிங்கைத் தொட்டுச் சூடு பாருங்கள். தண்ணீர் தெறித்தால் வழுக்கும் என்பதால் பெல்ட்டுக்கு ஒரு மறைப்பும் வேண்டும், அதை மெல்லிய தகட்டில் செய்ய வேண்டாம், அது பாடத் தொடங்கும். பிளைவுட்டிலேயே செய்யுங்கள்.

புல்லி செய்யக் கொடுக்க முதல், இரண்டு ஷாப்டுகளுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து இங்கே போடுங்கள், பெல்ட் நீளம் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.


பாசையூர்க்கரை எழுதியது:

நடுவுக்கு நடு 310 மில்லிமீற்றர், மோட்டரை மேலே 25 வரை நகர்த்தலாம்.


சுருள்கம்பி எழுதியது:

அப்படியென்றால் 1070க்குக் கிட்ட நீளம் வரும். கடையில் 1080 இருந்தால் எடுங்கள், மோட்டரை மேலே 5 மில்லிமீற்றர் அளவில் நகர்த்தி இறுக்கினால் சரியாக இருக்கும்.